முதல் மூன்று, மீதி ஆறு

1940களின் தொடக்கத்தில் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கருப்பர் பேஸ்பால் அணி எந்த ஊருக்கு ஆடப் போனாலும் சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் ஒன்றுதான்: சாச்செல் பெய்ஜ். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவருக்காகவே வரும். அவரும் ஏமாற்றமாட்டார். நீண்ட கால்களை வீசி நிதானமாகப் பந்து வீசும் மேட்டுக்கு நடந்துவந்து, முதல் மூன்று இன்னிங்ஸ் பந்து வீசிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். நான்காவது இன்னிங்ஸ் தொடங்கும்போது இன்னொருவர் எழுந்து வருவார். ஆறடிக்கு மேல் உயரம், அலட்டல் இல்லாத முகம். மீதி ஆறு இன்னிங்ஸையும் அவர் வீசி ஆட்டத்தை முடித்துவைப்பார். அவர் பெயர் ஹில்டன் ஸ்மித். வந்தவர்களில் பாதிப்பேர் வீடு போய்ச் சேரும்போது அந்தப் பெயர் மறந்துபோயிருக்கும்.

பேஸ்பாலில் பந்து வீசுபவரை பிட்சர் என்கிறார்கள். நம் கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறுவதுபோல அங்கே மாறுவதில்லை. மாற்று ஆள் வரும்வரை எதிரணி சந்திக்கும் ஒவ்வொரு பந்தையும் ஒருவரே வீசவேண்டும். அந்தக் காலத்தில் நல்ல பிட்சர் என்றால் ஒன்பது இன்னிங்ஸையும் தனியாளாக முடிப்பவர். வெற்றியும் தோல்வியும்கூட அணியின் பெயரோடு நிற்காமல் அவர் கணக்கிலும் ஏறும். ஆகவே பிட்சரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் முதலில் தேடுவது அந்தக் கணக்கைத்தான். பெய்ஜும் ஸ்மித்தும் ஆடிய உலகத்தில் அந்தக் கணக்கை ஒழுங்காக எழுதிவைக்க ஆளில்லை என்பதிலிருந்துதான் இந்த ஒப்பீடே தொடங்குகிறது. கணக்கில்லாத இடத்தில் கதைதான் கணக்கு. பெய்ஜ் அதை இருபது வயதிலேயே புரிந்துகொண்டவர். ஸ்மித் கடைசிவரை தன் வேலையே பேசும் என்று நம்பியவர்.

இருவரும் கருப்பர்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் கருப்பர்கள் ஆடக் கூடாது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கருப்பர் டொலீடோ அணிக்கு மேஜர் லீக்கிலேயே ஆடியிருக்கிறார். அதற்குப் பிறகு முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். எழுத்தில் இல்லாத விதியை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது? 1920இல் ரூப் ஃபாஸ்டர் கன்சாஸ் சிட்டியில் கூட்டம் போட்டு நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். அன்றைய வழக்கில் நீக்ரோ லீக்குகள் என்றே அழைக்கப்பட்ட இந்தப் போட்டிகளில் கருப்பர் அணிகள் தங்களுக்குள் மோதின. ஆனால் லீக் ஆட்டம் மட்டும் ஆடினால் வயிறு நிறையாது. வருமானத்தின் பெரும்பகுதி ஊர் ஊராகப் பேருந்தில் போய் ஆடிய காட்சி ஆட்டங்களில் இருந்தது. உள்ளூர் அணியோடு ஓர் ஆட்டம், பக்கத்து ஊரில் மறுநாள் இன்னொன்று. இவற்றுக்கு ஸ்கோர் புத்தகம் எழுதியவர்கள் குறைவு, எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பியவர்கள் அதைவிடக் குறைவு. சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கருப்பர் வார இதழ்களில் அரையும் குறையுமாக வந்த ஸ்கோர் பட்டியல்களைத்தான் பிற்கால ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்கள்.

இருவருக்கும் வயது வித்தியாசம் எட்டு மாதம்கூட இல்லை. பெய்ஜ் பிறந்தது 1906 ஜூலையில், அலபாமாவின் மொபீல் துறைமுக நகரத்தில். அப்பா தோட்டக்காரர், வீடு நிறையக் குழந்தைகள். ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்ததால் ‘பை’ என்று பொருள்படும் சாச்செல் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது என்பார் அவர். பையைத் திருடும்போது பிடிபட்டதால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார் அவருடைய சிறுவயது நண்பர். 1918இல், பன்னிரண்டு வயதில், கடையில் சில்லறைப் பொருள்களைத் திருடியதற்காக மவுன்ட் மெய்க்ஸ் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே. இடது காலைத் தலைக்குமேல் உயர்த்தி, பேட்டரின் முகத்துக்கு நேரே காலணியைக் காட்டி வீசும் அந்தப் பாணி அங்கிருந்த பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தது. வெளியே வந்தவர் 1926இல் சட்டனூகா அணியில் சேர்ந்தார்.

ஸ்மித் டெக்சாஸ் மாநிலத்தில் கிடிங்ஸ் என்ற சிற்றூர்க்காரர். 1907 பிப்ரவரியில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். மகன் பிரெய்ரி வியூ கல்லூரிக்குப் போய்ப் படித்தார். படித்த குடும்பத்துக் கருப்புப் பையன்களுக்கு அந்தக் காலத்துத் தெற்கில் வீட்டில் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம் ஒன்று உண்டு: சத்தம் போடாதே, குறை சொல்ல இடம் கொடுக்காதே. ஸ்மித்தை நேரில் அறிந்தவர்கள் சொல்லும் குணங்களைப் பார்த்தால் அந்தப் பாடம் நன்றாகவே படிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வந்தவருக்கு இழக்க மரியாதை எதுவும் இருக்கவில்லை. அதனால் சத்தம் போடுவது அவருக்கு எளிதாக இருந்தது.

பந்திலும் அதே வேறுபாடுதான். பெய்ஜ் ஆண்டுக்கணக்கில் வேகத்தை மட்டுமே வைத்துப் பிழைத்தவர். ஆனால் அவருடைய உண்மையான சொத்து குறி. பயிற்சியின்போது பேட்டர் நிற்கும் இடத்துத் தட்டுக்குப் பதிலாகச் சூயிங்கம் சுற்றிய காகிதத்தைத் தரையில் வைத்து அதன்மேல் பந்தைப் போட்டுக்காட்டுவார். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். தேனீ மாதிரி ரீங்கரித்துக்கொண்டு போகும் என்பதால் ஒன்றுக்குத் தேனீப் பந்து, இன்னொன்றுக்குத் தொல்லைப் பந்து, நள்ளிரவுச் சவாரிக்காரன் என்றுகூட ஒன்று. வெளி மைதானக்காரர்களை உள்ளே வந்து உட்காரச் சொல்லிவிட்டு வீசியதும் உண்டு. ஸ்மித்தின் ஆயுதம் வளைபந்து. தலைக்குமேலிருந்தும் வீசுவார், பக்கவாட்டிலிருந்தும் வீசுவார். இரண்டும் வேறு வேறு விதமாக உடையும். நீக்ரோ லீக்குகளிலேயே சிறந்த வளைபந்து அவருடையதுதான் என்பதில் அவரோடு ஆடியவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. போதாததற்கு மட்டையும் நன்றாகப் பிடிப்பார். பந்து வீசாத நாளில் வெளி மைதானத்திலோ முதல் தளத்திலோ நிறுத்துவார்கள். பெய்ஜ் தன் பந்துகளுக்கு வைத்த பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. ஸ்மித் எதற்காவது பெயர் வைத்ததாக எங்கும் பார்க்க முடியவில்லை.

முதலில் இருவரும் ஒரே அணியில் சேர்ந்தது கன்சாஸ் சிட்டியில் அல்ல, வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க்கில். கார் வியாபாரி நீல் சர்ச்சில் என்பவர் வெள்ளையரும் கருப்பரும் சேர்ந்து ஆடும் அணி ஒன்றை வைத்திருந்தார். 1935இல் அந்த அணி விச்சிட்டாவில் நடந்த தேசியப் போட்டியை வென்றது. பெய்ஜ் மட்டும் நான்கு ஆட்டங்களை வென்று, 60 பேரைப் பந்தைச் சரியாக அடிக்கவிடாமலே வெளியேற்றி ஸ்டிரைக் அவுட் செய்தார். ஸ்மித்தும் அந்த அணியில் இருந்தார். சாத்திய கதவை உடைத்து ஜாக்கி ராபின்சன் என்ற கருப்பர் மேஜர் லீக்குக்கு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிறு நகரத்தில் கலப்பு அணி சாத்தியமாகியிருந்தது. சாத்தியம் என்று காட்டியும் மேஜர் லீக்கில் ஒரு இலைகூட அசையவில்லை.

அதற்குப் பிறகு இருவரின் பாதை பிரிந்தது. பெய்ஜ் யார் அதிகப் பணம் கொடுத்தாலும் ஒப்பந்தத்தை விட்டுப் போய்விடுவார். 1937இல் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹில்லோவின் பெயர் தாங்கிய அணிக்கு ஆட, பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணியை அப்படியே விட்டுப் போனார், மற்ற நட்சத்திரங்களையும் இழுத்துக்கொண்டு. ஸ்மித் அதே ஆண்டு மோனார்க்ஸுக்கு ஆடி, புதிதாகத் தொடங்கிய நீக்ரோ அமெரிக்கன் லீக்கில் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸுக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார். 1937 முதல் 1942 வரை ஆண்டுதோறும் கிழக்கு மேற்கு நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். மோனார்க்ஸும் அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட எல்லா ஆண்டும் லீக் வென்றது.

1938இல் மெக்சிகோவில் பெய்ஜின் தோள் செத்துப்போனது. கையைத் தூக்கக்கூட முடியவில்லை. எந்த முதலாளியும் சீண்டவில்லை. மோனார்க்ஸின் உரிமையாளர் ஜே. எல். வில்கின்சன் மட்டும் 1939இல் அவரைக் கூப்பிட்டார். வில்கின்சன் வெள்ளையர், 1930இலேயே நகரும் மின்விளக்குக் கம்பங்களை லாரியில் ஏற்றி இரவு ஆட்டம் நடத்திக் காட்டிய கெட்டிக்கார வியாபாரி. பெய்ஜை முதன்மை அணியில் சேர்க்காமல், ஊர் சுற்றும் இரண்டாம் அணியில் போட்டார். கை போனாலும் பெயர் விற்கும் என்பது அவர் கணக்கு. ஒருநாள் வலி போய் வேகம் திரும்பிவந்தது. பெய்ஜ் முதன்மை அணிக்கு ஏறினார். பெய்ஜ் முடங்கிக் கிடந்த காலத்தில் அணியைத் தோளில் சுமந்தவர் ஸ்மித். அவர் திரும்பியதும் அதே ஸ்மித் ‘சாச்செலுக்குப் பின்னால் வருபவர்’ ஆனார்.

இதில் வில்கின்சனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெய்ஜ் வரும் நாளில் கூட்டம் பல மடங்கு. அந்த வசூலில்தான் எல்லோருக்கும் சம்பளம். ஓர் ஆளை வாரத்துக்கு நான்கு ஐந்து ஊரில் காட்ட வேண்டுமானால் ஒவ்வொரு ஊரிலும் மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வீசவைக்க முடியாது. மீதி ஆறு இன்னிங்ஸில் கூட்டம் எழுந்து போகாமலும் ஆட்டம் கைநழுவாமலும் பார்த்துக்கொள்ள அதே தரத்தில் இன்னொருவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்தது மோனார்க்ஸின் அதிர்ஷ்டம், கிடைத்தவருக்கு அது நேர்மாறு. இன்றைய விதிப்படி தொடங்கும் பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் முடித்தால்தான் வெற்றி அவர் கணக்கில் சேரும். அந்தக் கணக்கில் பார்த்தால் அந்த ஞாயிறுகளின் வெற்றிகள் பெய்ஜுக்குச் சேராது, பெரும்பாலும் ஸ்மித்துக்கே போகும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி காட்சி ஆட்டம். யாருடைய புத்தகத்திலும் ஏறவில்லை. பின்னாளில் ஜான் ஹால்வே என்ற ஆய்வாளரிடம் பேசும்போது ஸ்மித்தே இதை ஆற்றாமையோடு சொல்லியிருக்கிறார். பெய்ஜ்மேல் கோபம் இல்லை, தன்னைத் தெரிந்தவர் யாருமில்லையே என்ற வருத்தம்.

1942 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கருப்பர் லீக்குகளின் இரு சாம்பியன்களான மோனார்க்ஸும் ஹோம்ஸ்டெட் கிரேஸும் பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் மோதின. இந்த ஆட்டத்தைப் பற்றிய கதை பேஸ்பால் ரசிகர்கள் பலருக்கும் மனப்பாடம். எதிரணியில் ஜாஷ் கிப்சன். கருப்பர் பேஸ்பாலின் மிகப் பெரிய அடிகாரர், பெய்ஜின் பழைய அணித் தோழர். ஏழாவது இன்னிங்ஸ், இருவர் அவுட். பெய்ஜ் வேண்டுமென்றே முன்னால் வந்தவர்களுக்கு ‘நடை’ கொடுத்து, அதாவது அடிக்காமலே முதல் தளத்துக்குப் போகவிட்டு, தளங்களை நிரப்பி, கிப்சனை மட்டைக்கு வரவழைத்தார். அடுத்து எந்தப் பந்து எங்கே வரும் என்று கத்திச் சொல்லிச் சொல்லியே மூன்று பந்தில் அவரை ஸ்டிரைக் அவுட் செய்தார். பெய்ஜும் சொன்னார், முதல் தளத்தில் நின்ற பக் ஓ’நீலும் ஆயுள் முழுக்கச் சொன்னார். கேட்கச் சலிக்காத கதை.

அன்றைய பத்திரிகைச் செய்திகளைப் புரட்டினால் நடை கொடுத்த விவரம் இல்லை. கிரேஸ் ஆட்டக்காரர்கள் அடுத்தடுத்து அடித்துத் தளங்களை நிரப்பினார்கள், கிப்சன் மூன்று பந்தில் போனார் என்றே இருக்கிறது. அதாவது பெய்ஜ் இக்கட்டில் மாட்டி, அதிலிருந்து மீண்டார். அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் கதை வேறு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தச் செய்திகளில் இருக்கும் இன்னொரு தகவல். அன்று தொடங்கிய பிட்சர் பெய்ஜ் அல்ல, ஹில்டன் ஸ்மித். கிப்சனும் பக் லெனர்டும் அடங்கிய அந்த வரிசைக்கு ஐந்து இன்னிங்ஸ் ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காமல் வீசிவிட்டுத்தான் அவர் பந்தை பெய்ஜிடம் கொடுத்தார். வழக்கமான ஏற்பாடு அன்று தலைகீழாக இருந்தது. ஸ்மித் முன்னால், பெய்ஜ் பின்னால். முன்னால் வந்தபோதும் அவரை யாரும் பார்க்கவில்லை. வரிசை எதுவானாலும் கதை பெய்ஜ் இருக்கும் பக்கமே போனது. அதிகாரபூர்வக் கணக்கில் மோனார்க்ஸ் ஒரு ஆட்டமும் தோற்காமல் தொடரை வென்றது.

இதற்குக் காரணம் பெய்ஜின் வாய்ச்சாதுரியம் மட்டும்தான் என்று முடிப்பது நியாயமாகாது. வெள்ளையர் நடத்திய பெரிய பத்திரிகைகள் கருப்பு ஆட்டக்காரரைத் திறமைக்காக எழுதியதில்லை, வேடிக்கைக்காகவே எழுதின. 1940இல் டைம் இதழும் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்டும் பெய்ஜைப் பற்றி எழுதியபோது பெரிய பாதம், சோம்பல் நடை, கோமாளிப் பேச்சு என்ற வழக்கமான பொம்மையைத்தான் வரைந்தன. பெய்ஜ் அந்தப் பொம்மைக்குள் தானே புகுந்து நூல்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். வயது கேட்டால், பிறந்த தேதி எழுதியிருந்த பைபிளை ஆடு தின்றுவிட்டது என்பார். அடுத்த ஊரில் வேறு கதை. சிரித்தவர்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் முன்னால் பாப் ஃபெல்லர் போன்ற மேஜர் லீக் நட்சத்திரங்களோடு சமமாக நின்று வீசிக் காட்டினார். 1946இல் ஃபெல்லர் அணியும் பெய்ஜ் அணியும் நாடு முழுக்க விமானத்தில் போய் மோதின. கருப்பு பிட்சரால் மேஜர் லீக்கில் தாக்குப்பிடிக்க முடியாது என்ற வாதத்தை ஓட்டைப் பாத்திரமாக்கியவர்களில் அவரே முதல்வர். ஸ்மித்தின் கண்ணியமான மௌனத்துக்கு அந்தச் சந்தையில் வாங்குபவர் இல்லை.

ஆனாலும் அந்த மௌனம் ஒரு காரியம் செய்தது. 1944 இறுதியில் ராணுவத்திலிருந்து வெளிவந்த ஜாக்கி ராபின்சன் ஆட இடம் தேடியபோது, அவரை வில்கின்சனிடம் சிபாரிசு செய்தவர் ஸ்மித் என்றே சொல்லப்படுகிறது. ராபின்சன் மோனார்க்ஸுக்கு ஆடிய 1945ஆம் ஆண்டைப் பற்றி ஓ’நீல் சொன்ன ஒரு கதை உண்டு. அவர் அப்போது கடற்படையில் இருந்தார், ஆகவே கேட்டுச் சொன்னதுதான். ஓக்லஹோமாவில் மஸ்கோகி ஊரில் மோனார்க்ஸ் பேருந்து வழக்கமாகப் பெட்ரோல் போடும் கடை. பெரிய டாங்க், நிரப்பினால் கடைக்காரருக்கு நல்ல வரும்படி. ஆனால் கழிப்பறை கருப்பர்களுக்கு இல்லை. மூத்த ஆட்டக்காரர்கள் அதைக் கேட்டதே இல்லை. ராபின்சன் இறங்கிக் கழிப்பறைப் பக்கம் நடந்தார். கடைக்காரர் தடுத்தார். அப்படியானால் குழாயை எடுத்துவிடு, வேறு இடத்தில் போட்டுக்கொள்கிறோம் என்றார் ராபின்சன். கடைக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தார். தானாகவே கேட்கத் தெரியாத தலைமுறை ஒன்று கேட்கத் தெரிந்தவனைக் கூட்டிவந்தது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

1947 ஏப்ரலில் ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடியபோது பெய்ஜுக்கு வலித்தது. முதல் ஆளாகத் தானே போயிருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார், சுயசரிதையில் மறைக்கவும் இல்லை. ஆனாலும் அவருக்கு இன்னும் சில இன்னிங்ஸாவது மிச்சமிருந்தது. 1948 ஜூலை 7, 42ஆவது பிறந்தநாளில், மேஜர் லீக் அணியான கிளீவ்லண்ட் இந்தியன்ஸுக்கு அதன் உரிமையாளர் பில் வீக் அவரை ஒப்பந்தம் செய்தார். விளம்பரத்துக்காகச் செய்த கேலிக்கூத்து என்று ஸ்போர்ட்டிங் நியூஸ் ஆசிரியர் டெய்லர் ஸ்பிங்க் எழுதினார். ஆகஸ்ட் 20 இரவு அவர் வீசுவதைப் பார்க்கக் கிளீவ்லண்டில் 78,382 பேர் கூடினார்கள். பருவம் முடிந்தபோது ஆறு வெற்றி, ஒரு தோல்வி. அணி உலகத் தொடரையும் வென்றது. அதே 1948இல் ஸ்மித் ஓய்வு பெற்றார். அவருக்கு 41 வயது, சில ஆண்டுகளுக்கு முன்பே கையில் காயம். கதவு திறந்தபோது உள்ளே போக ஒருவருக்குப் பெயர் இருந்தது, இன்னொருவருக்கு வளைபந்து இருந்தது, அதுவும் தேய்ந்துபோய்.

அதற்குப் பிறகு இருவரும் கன்சாஸ் சிட்டியிலேயே வாழ்ந்தார்கள். ஸ்மித் இரும்பாலையில் வேலை பார்த்தார், சிகாகோ கப்ஸ் அணிக்குப் புது ஆட்டக்காரர்களைத் தேடிக் கொடுத்தார். பெய்ஜ் 1965இல், 59 வயதில், அதே ஊரின் அத்லெட்டிக்ஸ் அணிக்காக ஒரு நாள் இறங்கி பாஸ்டனுக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் ஓட்டம் கொடுக்காமல் வீசினார். உரிமையாளர் அவருக்கு ஆடும் நாற்காலியும் நர்ஸும் ஏற்பாடு செய்திருந்தார். அப்போதும் வேடிக்கை, அப்போதும் பந்து குறி தப்பவில்லை.

பேஸ்பாலின் புகழ் மண்டபமான கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம் 1971இல் பெய்ஜைச் சேர்த்துக்கொண்டது. முதலில் கருப்பர் லீக் ஆட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு காட்சிப் பகுதி வைப்பதாக அறிவித்து, எதிர்ப்பு வந்தபின் முழு இடம் கொடுத்தார்கள். அப்போதிலிருந்து ஆறு ஆண்டுகளில் கருப்பர் லீக் ஆட்டக்காரர்களுக்கான சிறப்புக் குழு தேர்ந்தெடுத்த ஒன்பது பேரில் பிட்சர் என்றால் பெய்ஜும், எல்லா இடத்திலும் ஆடிய கியூபாக்காரர் மார்ட்டின் டிஹிகோவும்தான். ஸ்மித் அப்போது உயிரோடு இருந்தார். பெய்ஜ் 1982 ஜூனிலும் ஸ்மித் 1983 நவம்பரிலும் காலமானார்கள். 1940 முதல் 46 வரை உலகிலேயே சிறந்த பிட்சர் ஸ்மித்தாக இருந்திருக்கலாம் என்று ஓ’நீல் போன்றவர்கள் விடாமல் சொல்லிச் சொல்லி, 2001இல் அவருக்கு இடம் கிடைத்தது. முப்பது ஆண்டு இடைவெளி.

2020 டிசம்பரில் 1920க்கும் 1948க்கும் இடையிலான ஏழு கருப்பர் லீக்குகளை மேஜர் லீக் என்று பேஸ்பால் அமைப்பு ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் அந்த லீக்குகளின் ஆட்டக் கணக்குகள் மேஜர் லீக்கின் பொதுப் பட்டியலில் சேர்ந்தன. இங்கே ஒரு விசித்திரம் நடந்தது. பெய்ஜ் தான் 2,000 ஆட்டங்களுக்குமேல் வென்றதாகச் சொல்லிவந்தவர். பட்டியல் லீக் ஆட்டங்களை மட்டுமே எண்ணுவதால் அதில் மிகச் சிறு பகுதிதான் ஏறியது. சொன்ன கதையைவிட எண் சிறியது. ஸ்மித்துக்குக் கதையே கிடையாது, ஆகவே அவருக்கு ஏறிய ஒவ்வொரு எண்ணும் புது வரவு. இப்போது புதிதாகப் பட்டியலைத் திறந்து பார்க்கும் ஒருவர், பெயர்களை மறைத்துக்கொண்டு இருவரும் மோனார்க்ஸில் சேர்ந்து ஆடிய ஆண்டுகளை மட்டும் படித்தால், இவர்களில் யார் யாருக்குத் துணையாக வந்தார் என்று கண்டுபிடிப்பது சுலபமில்லை.